மாடிப்படி லைட்டுக்கு இரண்டு ஸ்விட்ச்: டூ-வேயா, பெல் புஷ்ஷா, வைஃபையா, சென்சாரா?

போன மாதம் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். செங்கல் வேலை முடிந்து பூச்சுக்கு நாள் குறித்தாயிற்று. கீழே போட்ட லைட்டை மேலே போய் அணைக்கிற மாதிரி வேண்டும், எலக்ட்ரீஷியன் ஒன்று சொல்கிறார், மச்சான் வேறொன்று சொல்கிறார், எதை எடுப்பது என்றார். இன்னொருவர் இருப்பது பதினைந்து வருஷப் பழைய வீடு. மாடிப்படி லைட்டுக்கு ஸ்விட்ச் மேலே மட்டும்தான். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும் அவருடைய அம்மா இருட்டில் ஏறி, லைட்டைப் போட்டு, துணியை எடுத்து, அணைத்துவிட்டு மறுபடி இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே இறங்குகிறார்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. சுவர் இன்னும் திறந்திருக்கிறதா, பூசி பெயின்ட் அடித்தாயிற்றா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. கடைக்காரர் காட்டும் புதுச் சாமான் எதுவாக இருந்தாலும் முதலில் உங்கள் சுவரைப் பாருங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்க்கிற விஷயங்கள் இவை:

- சுவரில் ஒயர் பைப் போட இன்னும் வழி இருக்கிறதா?
- எத்தனை இடத்திலிருந்து லைட் எரிய வேண்டும்? இரண்டா, மூன்றா, அதற்கு மேலா?
- கரண்ட் போய் வந்தால், நெட் இல்லாவிட்டால் என்ன ஆகும்?
- வீட்டில் யார் அதைத் தொடப் போகிறார்கள்? எண்பது வயது பாட்டிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்காமலே புரிய வேண்டும்.
- பழுதானால் தெருமுனை எலக்ட்ரீஷியனே சரிசெய்ய முடியுமா?
- பல்ப் மாற்றும்போது ஷாக் அடிக்காமல் இருக்குமா?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஏன் என்று கீழே வருகிறது.

## ஒன்று: டூ-வே ஸ்விட்ச், அதாவது பழைய ஸ்டேர்கேஸ் வயரிங்

சாதாரண ஸ்விட்சுக்குப் பின்னால் இரண்டு முனை, டூ-வேக்கு மூன்று. நடுவில் இருப்பது பெரும்பாலும் காமன், மற்ற இரண்டும் பக்க முனைகள். ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், கீழ் ஸ்விட்சின் காமனுக்கு வரும். அதன் இரண்டு பக்க முனைகளிலிருந்து இரண்டு ஒயர் மேலே இருக்கும் ஸ்விட்சின் இரண்டு பக்க முனைகளுக்குப் போகும். மேல் ஸ்விட்சின் காமனிலிருந்து பல்ப் மாட்டும் ஓல்டருக்கு ஒரு ஒயர். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், எந்த ஸ்விட்சையும் தொடாமல் நேராக ஓல்டருக்கு வரும். இவ்வளவுதான் விஷயம். இரண்டு ஸ்விட்சும் ஒரே ஒயர் பக்கம் இருந்தால் எரியும், வேறு வேறு பக்கம் இருந்தால் அணையும்.

செலவு பெரிதாகக் கிடையாது. டூ-வே ஸ்விட்ச் ஒன்-வேயைவிடக் கொஞ்சம்தான் விலை கூட. கீழ் போர்டுக்கும் மேல் போர்டுக்கும் பைப் நீளம் எட்டு மீட்டர் என்று வைத்தால் இரண்டு ஒயருக்கு பதினாறு மீட்டர், தொண்ணூறு மீட்டர் காயிலில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. நெட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஆப் வேண்டாம். இருபது வருஷம் கழித்து ஸ்விட்ச் போனால் எந்த ஊர் எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும், யாரும் மாற்றிவிடுவார்கள். படுக்கையறைக் கதவுப் பக்கம் ஒன்று, கட்டில் பக்கம் ஒன்று என்று லைட்டுக்கு இதே மாதிரிப் போடலாம், ஃபேனுக்கும் போடலாம். தூக்கம் வந்தபின் எழுந்து போய் அணைக்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு முழுக்கச் சுவரில் இருக்கிறது. பூச்சுக்கு முன்னால் என்றால் ஒரு பைப், அரை நாள் வேலை. பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு என்றால் கட்டர் வைத்து வெட்ட வேண்டும், வீடெல்லாம் தூசி, அப்புறம் கொத்தனார், அப்புறம் பெயின்டர், அந்த ஒரு சுவர் மட்டும் நிறம் வேறாகத் தெரிகிறதே என்று ஹால் முழுக்க மறுபடி பெயின்ட்.

இதில் வரும் இரண்டு கோளாறுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். "மேல் ஸ்விட்ச் ஆனில் இருந்தால்தான் கீழே வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால், ஏதோ ஒரு ஸ்விட்சில் காமன் ஒயரைப் பக்க முனையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்னொன்று, அணைத்த பிறகும் எல்இடி பல்ப் மினுக் மினுக்கென்று லேசாக எரிவது. இரண்டு ஒயரும் நீளமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது கரண்ட் உள்ள ஒயரிலிருந்து மற்ற ஒயருக்குத் தூண்டலில் கொஞ்சம் வரும். குண்டு பல்புக்கு அது போதாது, எல்இடிக்குப் போதும். வேறு கம்பெனி பல்பை மாற்றிப் பார்த்தாலே பல நேரம் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஓல்டருக்குக் குறுக்கே இதற்கென்றே விற்கும் சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று போட வேண்டியிருக்கும்.

### இதிலேயே ஒரு "சிக்கன" வழி சொல்வார்கள், வேண்டாம்

எங்கள் பழைய வீட்டு மாடிப்படியில் பல்ப் ஃபியூஸ் ஆனது. ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். பல்பைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது விரல் ஓல்டருக்குள் இருந்த பின்னில் பட்டது. கை வெடுக்கென்று பின்னால் வந்தது, ஸ்டூல் ஆடியது, கைப்பிடிச் சுவரைப் பிடித்ததால் தப்பித்தேன். அப்புறம் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஒரு பின்னில் எரிந்தது, அடுத்த பின்னிலும் எரிந்தது. அணைத்திருந்த லைட்டில் இரண்டு பின்னிலும் ஃபேஸ்.

காரணம் இதுதான். கீழ் போர்டில் ஐந்தாம்பியர் பிளக் இருக்கும், அங்கே ஃபேஸும் நியூட்ரலும் தயாராக இருக்கிறது. மேல் போர்டிலும் அப்படியே. ஒயர் மிச்சம் பிடிக்க, இரண்டு டூ-வே ஸ்விட்சுக்கும் ஒரு பக்க முனையில் ஃபேஸ், மறுபக்க முனையில் நியூட்ரல் கொடுத்து, இரண்டு காமனிலிருந்தும் ஆளுக்கொரு ஒயர் ஓல்டருக்கு இழுத்துவிடுவார்கள். இடையில் ஓடும் ஒயர்களே தேவையில்லை. லைட்டும் அழகாக எரியும், அணையும். ஆனால் அணைவது எப்படி என்றால், இரண்டு பக்கமும் நியூட்ரல் வந்தாலும் அணையும், இரண்டு பக்கமும் ஃபேஸ் வந்தாலும் அணையும். எது என்று கீழே நிற்பவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒற்றை ஸ்விட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும், நியூட்ரலில் இருக்கக் கூடாது என்ற அடிப்படை விதியை இது மீறுகிறது. அமெரிக்காவில் இதற்குக் கார்ட்டர் முறை என்று பெயர், 1920களிலேயே அங்கு தடை செய்துவிட்டார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. த்ரீ ஃபேஸ் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ள மெயின் பக்கத்தில் ஃபேஸ் சேஞ்சர் வைத்திருப்போம். கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மேல்தளம் வேறு ஃபேஸ் என்று ஒருநாள் மாற்றிவிட்டால், "அணைந்திருக்க" வேண்டிய நிலையில் அந்த பல்புக்கு இரண்டு ஃபேஸும் சேர்ந்து 415 வோல்ட் போகும்.

உங்கள் வீட்டில் இப்படி இருக்கிறதா என்று பார்க்க, மெயினை இறக்கிவிட்டு, பல்பைக் கழற்றிவிட்டு, டூ-வே ஸ்விட்சைத் திறந்து, மூன்று ஒயரில் ஏதாவது ஒன்று நியூட்ரலோடு நேராகச் சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஒயரின் நிறத்தை நம்ப வேண்டாம், கறுப்பு ஒயரை எதற்கு வேண்டுமானாலும் இழுத்திருப்பார்கள். சேர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சரியான முறையில் போட்டாலும் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும். ஃபேஸ் கீழே, நியூட்ரல் பக்கத்தில் இருக்கிறதே என்று மேல்தளத்திலிருந்து எடுத்தால், தளத்துக்குத் தளம் ஆர்சிசிபி (கரண்ட் ஒழுகினால் தானே இறங்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) வைத்த வீட்டில் லைட்டைப் போட்டதும் ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைனும் அப்படித்தான். மாடிப்படி லைட்டை இன்வெர்ட்டரில் போடுவது நல்லது, ஆனால் ஃபேஸ் ஒரே இடத்தில் மட்டும்தான் உள்ளே நுழைய வேண்டும்.

## இரண்டு: நடுவில் இன்டர்மீடியட் ஸ்விட்ச்

கீழ்தளம், முதல் தளம், மொட்டைமாடி என்று மூன்று இடம் வந்தால் டூ-வே மட்டும் போதாது. இரண்டு ஓரத்திலும் டூ-வே, நடுவில் நான்கு முனையுள்ள இன்டர்மீடியட். கீழிருந்து வரும் இரண்டு ஒயரை அது நேராகவும் விடும், குறுக்காக மாற்றியும் விடும். இப்படி எத்தனை தளம் வேண்டுமானாலும் நடுவில் சேர்த்துக்கொண்டே போகலாம்.

டூ-வேயின் நல்லது கெட்டது எல்லாம் இதற்கும் பொருந்தும். கூடுதல் தலைவலி, சாமான் கிடைப்பதில். சின்ன ஊர்க் கடையில் இன்டர்மீடியட் என்று கேட்டால் டூ-வேயை எடுத்துக் கொடுத்து "இதுதான் சார்" என்பார்கள். நீங்கள் வாங்கியிருக்கும் மாடுலர் வகையில் அது வருகிறதா என்று பிளேட் வாங்குவதற்கு முன்பே பாருங்கள், ஸ்விட்சைக் கையில் வாங்கி முனையை எண்ணிப் பார்த்துவிட்டே ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

மாடி பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தூணுக்கு மேலே கம்பி விட்டு வைக்கிறோம் இல்லையா, ஒயருக்கும் அதைச் செய்யலாம். இப்போதைக்கு மேல் போர்டில் டூ-வே போட்டுக்கொண்டு, அங்கிருந்து மேலே ஒரு காலி பைப் விட்டு வாயை அடைத்து வையுங்கள். மாடி எழும்பும் நாளில் அதே இடத்தில் இன்டர்மீடியட் வந்து உட்காரும், டூ-வே மேலே போகும்.

## மூன்று: பெல் புஷ்ஷும் இம்பல்ஸ் ரிலேயும்

இதை நம் ஊரில் அதிகம் பேர் போடுவதில்லை, பிரான்ஸ், இத்தாலி வீடுகளில் சகஜம். வீட்டு சர்க்யூட்டெல்லாம் பிரியும் டிபி பாக்ஸில், எம்சிபி என்ற ட்ரிப் ஸ்விட்ச் பக்கத்தில், ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் நிலை மாறும் ஸ்விட்ச், உட்காரும். ஸ்விட்சுக்குப் பதில் எல்லா இடத்திலும் பெல் புஷ். எந்தப் புஷ்ஷை அழுத்தினாலும் ரிலே "டக்" என்று நிலை மாறும், எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். புஷ் எல்லாம் ஒன்றோடொன்று பாரலல், ஒவ்வொன்றுக்கும் இரண்டே ஒயர். ஐந்தாறு இடத்திலிருந்து இயக்க வேண்டிய நீள வராந்தா, கல்யாண மண்டபம், ஹாஸ்டல் நடைபாதைக்கு இதைவிடச் சுலபம் வேறில்லை. ரிலேயை இயக்கும் காயில் 12 அல்லது 24 வோல்ட் வகையாக வாங்கினால் ஈரச் சுவரில் இருக்கும் புஷ்ஷுக்குக்கூட 230 வோல்ட் போகாது. ஆனால் அந்த ஒயரை 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் விடக் கூடாது. அதற்குத் தனி பைப், தனி டிரான்ஸ்ஃபார்மர். செலவு அங்கேதான் கூடுகிறது.

பழுதானால்? ரிலே எல்லாக் கடையிலும் இருக்காது, ஆர்டர் போட்டு இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேரலாம். உள்ளே சின்ன இண்டிகேட்டர் எரியும் புஷ்களை நிறையப் போட்டால் அவற்றின் வழியே ஒழுகும் கரண்டில் சில ரிலே குழம்பும், சாதாப் புஷ் வாங்குவது நல்லது. இரண்டே இடம் என்றால் இதற்குப் போக எந்தக் காரணமும் இல்லை.

அபார்ட்மென்ட் பொதுப் படிக்கு இதன் தம்பி ஒன்று உண்டு, ஸ்டேர்கேஸ் டைமர். அழுத்தினால் எரிந்து, வைத்த நேரம் முடிந்ததும் தானே அணையும். நேரத்தைத் தாராளமாக வையுங்கள். முட்டி வலியோடு ஏறுபவருக்கு நடுப்படியில் லைட் அணைந்தால் ஸ்விட்சே இல்லாததைவிட அது ஆபத்து.

## நான்கு: வைஃபை மாட்யூல், ஒட்டுகிற ஸ்விட்ச்

சுவர் மூடிவிட்டவர்களுக்கு இங்கிருந்துதான் வழி தொடங்குகிறது. இருக்கிற ஸ்விட்சுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு மாட்யூல் உட்காரும், லைட் அதன் வழியே எரியும். இரண்டாவது இடத்தில் ஒயர் இல்லாத ரிமோட் ஸ்விட்சைச் சுவரில் ஒட்டிவிடலாம். அதிலும் பேட்டரியே இல்லாத வகை ஒன்று உண்டு. அழுத்துகிற வேகத்திலேயே உள்ளே கொஞ்சம் மின்சாரம் பிறந்து ரேடியோ சிக்னல் போய்விடும். இதற்கு வைஃபையே வேண்டாம், ஜோடி ரிசீவரோடு நேராகப் பேசும். வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆப்பைவிட இதைத்தான் சொல்வேன். அவர்களுக்கு அது வழக்கமான ஸ்விட்ச் மாதிரிதான். வாடகை வீட்டுக்காரர்கள் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

பெரும்பாலான மாட்யூலுக்கு நியூட்ரல் வேண்டும். நம் வீடுகளில் போர்டிலேயே பிளக் இருப்பதால் அது அநேகமாகக் கிடைத்துவிடும், ஆனால் படித் திருப்பத்தில் ஒற்றை ஸ்விட்ச் மட்டும் உள்ள பெட்டியில் இருக்காது. பழைய பெட்டி ஆழம் போதாமல் ஒயரைத் திணித்து மூடுவதும் நடக்கிறது, அது சூடாகும், அப்படிச் செய்யவிடாதீர்கள். வெளி ஸ்விட்சைச் சேர்க்கும் எஸ்1, எஸ்2 முனைகளில் ஃபேஸ் கொடுக்கலாமா கூடாதா என்பது மாட்யூலுக்கு மாட்யூல் வேறு, கூடாததில் கொடுத்தால் அந்த நிமிஷமே போய்விடும்.

அப்புறம் கரண்ட். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்ததும் வீட்டு லைட்டெல்லாம் தானாக எரிந்து எல்லோரும் விழித்துக்கொண்ட வீடு எனக்குத் தெரியும். கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பு என்று ஆப்பில் ஒரு அமைப்பு இருக்கும், முதல் நாளே மாற்றிவையுங்கள். கம்பெனி சர்வரை நம்பி ஓடும் ஆப் என்றால் அவர்கள் மூடிவிட்டால் ஆப் போயிற்று, சுவர் ஸ்விட்ச் மட்டும் மிஞ்சும். கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது சிக்னல் வெகுவாகக் குறையும், ஒட்டுவதற்கு முன் கையில் வைத்து அழுத்திப் பார்த்து இடம் முடிவு செய்யுங்கள்.

## ஐந்து: சென்சார் பல்ப்

ஸ்விட்சே வேண்டாம், ஆள் வந்தால் எரியட்டும் என்பது. ஓல்டரில் மாட்டினால் வேலை முடிந்தது. கை நிறையத் துணியோடு வருபவருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவருக்கும் இதைவிட வசதி இல்லை.

இரண்டு வகை இருக்கிறது. பிஐஆர் என்பது உடல் சூடு நகர்வதைப் பார்க்கும். நேராக அதை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும், அதனால் படியைப் பக்கவாட்டில் பார்க்கும்படி இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் காற்றின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது இதன் கூர்மை குறையும், படி மொட்டைமாடியில் முடியும் இடத்துச் சின்ன அறையான ஹெட்ரூமில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். ரேடார் வகைக்குச் சூடு ஒரு பொருட்டில்லை, ஆனால் மெல்லிய கதவையும் கண்ணாடியையும் தாண்டி அசைவைப் பிடிப்பதால் ஹாலில் நடந்தாலே படி லைட் எரியும்.

இன்னொரு சங்கடம், பழைய ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். பழக்கத்தில் யாராவது அணைத்துவிட்டால் அன்றைக்கு சென்சார் இல்லை. படுக்கையறைக்கு இது வேண்டவே வேண்டாம், புரண்டு படுத்தால் எரியும்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வாட் எல்இடியை இரவு பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் இரண்டு மாத பில்லுக்கு ஆறரை யூனிட்தான் ஆகிறது. இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும் பல்பை மாடிப்படியில் மாட்டிவிட்டு விஷயத்தை அத்தோடு முடித்துக்கொள்வதும் நியாயமான வழிதான்.

## ஒரே பார்வையில்

| வழி | எத்தனை இடம் | மூடிய சுவரில் | கரண்ட் போய் வந்தால் | பழுது பார்க்க | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|---|
| டூ-வே | 2 | வெட்ட வேண்டும் | மாற்றமில்லை | யாரும் | பூச்சு, பெயின்ட் |
| இன்டர்மீடியட் | 3, அதற்கு மேல் | வெட்ட வேண்டும் | மாற்றமில்லை | விஷயம் தெரிந்தவர் | ஸ்விட்ச் தேடி அலைவது |
| இம்பல்ஸ் ரிலே | எத்தனையும் | வெட்ட வேண்டும் | மெக்கானிகல் வகையில் மாற்றமில்லை | தெரிந்தவர் குறைவு | தனி பைப், டிரான்ஸ்ஃபார்மர் |
| மாட்யூல், ஒட்டு ஸ்விட்ச் | எத்தனையும் | வெட்ட வேண்டாம் | அமைப்பைப் பொறுத்தது | அநேகமாகப் புதிதாக வாங்குவது | நியூட்ரல், பெட்டி ஆழம் |
| சென்சார் பல்ப் | ஆள் வரும் இடம் | வெட்ட வேண்டாம் | ஆள் வந்தால் எரியும் | பல்பை மாற்றுவது | இடம் சரியில்லாவிட்டால் வேறு பல்ப் |

## அந்த இரண்டு வீட்டுக்கும் நான் சொன்னது

துணி எடுக்கப் போகும் அம்மாவின் வீட்டுக்கு: சுவரைத் தொட வேண்டாம். மேல் போர்டில் பிளக் இருக்கிறது, நியூட்ரல் உண்டு, அங்கே ரிசீவரை வைத்து, படிக்குக் கீழே முதல் படியை ஒட்டி அம்மாவின் தோள் உயரத்தில் பேட்டரியில்லாத ஸ்விட்சை ஒட்டச் சொன்னேன். சென்சார் பல்பையும் யோசித்தோம், ஆனால் அவர்கள் ஹெட்ரூம் தகரக் கூரை, மே மாதத்தில் அடுப்பு மாதிரி இருக்கும், அதனால் விட்டுவிட்டோம்.

வீடு கட்டுபவருக்கு: படிக்கு டூ-வே, படுக்கையறைகளில் கட்டில் பக்கமும் டூ-வே, வேறெதுவும் வேண்டாம். ஸ்விட்சுக்கு இடையில் இரண்டு ஒயர் ஓடுகிறதா என்று நின்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். மேல் போர்டிலிருந்து மொட்டைமாடிக்கு ஒரு காலி பைப். ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டியிலும் ஒரு நியூட்ரல் ஒயரை இழுத்து நுனியில் டேப் சுற்றி விட்டுவிடச் சொன்னேன், நாளைக்கு மாட்யூல் வைக்க ஆசை வந்தால் அது உதவும். கடைசியாக, பூச்சுக்காரர் வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் தரையிலிருந்து கூரை வரை தெரியும்படி, பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஃபோனில் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். நேற்று நாற்பத்திரண்டு படம் அனுப்பியிருக்கிறார். கட்டில் பக்கப் பெட்டி ஒன்று கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் போய்விடும் போலிருக்கிறது, அதை மட்டும் அரையடி நகர்த்தச் சொல்லிப் பதில் போட்டேன்.